கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் முக்கால் அந்தர்

பெரிய மாமா எங்கள் குடும்பம் முழுவதையும் விறகு நிறுக்கும் தராசில் ஏற்றிய கதையை எங்கள் ஆட்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது தொடங்கிவிடுவார்கள். தராசில் அம்மா ஏற மறுத்தது வரைக்கும் சொல்வார்கள். அதோடு நிறுத்திக்கொண்டு வெற்றிலை போடுவார்கள். மிச்சத்தை நான் சொல்கிறேன். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அது யுத்த காலம். பெற்றோலுக்குக் கூப்பன். கூப்பன் கிடைக்காதவர்கள் காரின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்குத் தகர அடுப்பு ஒன்றைப் பூட்டி, அதில் கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் காரை ஓட்டினார்கள். கரிக் கார் என்போம். சமதரையில் இருமிக்கொண்டு ஓடும். ஏற்றத்தைக் கண்டால் மூச்சு முட்டும். வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் நடுவீதியில் இறங்கி நின்று கார் தள்ளுவதை அந்த நாட்களில் கொழும்பில் எல்லாரும் கண்டிருக்கிறார்கள்.

அப்படியான நாளில் அண்ணனுக்குக் கலியாணம் வந்தது. நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில். பெண் வீடு கொட்டாஞ்சேனையில், கடற்பக்கத்திலிருந்து ஏறும் ஒரு தெருவின் உச்சியில். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்த் தாலி கட்ட வேண்டும். கூடவே ஒரு தோழி போக வேண்டும். தோழி என்றால் மாப்பிள்ளையின் கலியாணம் கட்டிய சகோதரி. கூறைச் சேலைத் தட்டத்தை ஏந்திக்கொண்டு அவள் மாப்பிள்ளையோடு பந்தலுக்குள் போவாள். அண்ணனுக்கு இரண்டு சகோதரிகள். ஒருத்தி நான், பதினொரு வயது. மற்றவள் அண்ணனுக்கு மூத்தவள், அக்கா. அக்காவின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போய், அவள் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள்.

ஆகவே தோழியாக அவள் போக முடியாது. அவள் அதைக் கேட்கவும் இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான். தம்பி தாலி கட்டுவதை எங்காவது ஒரு மூலையில் நின்று பார்க்க வேண்டும். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. கலியாண வேட்டியையும் தலைப்பாகைத் துணியையும் அவள்தான் கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் மடிப்புக் கலையாமல் அழுத்தி வைத்திருந்தாள். அண்ணனும் சொல்லிவிட்டான், அக்கா ஏறாத காரில் தான் ஏறமாட்டேன் என்று. அம்மா, "அவள் வராமல் என்ன, வரத்தானே வேணும்" என்றாள். அப்படிச் சொன்னபோது அம்மா யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அதை நான் அன்று கவனித்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பெரிய மாமா அம்மாவின் மூத்த அண்ணன். வீதி அளக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. அளவும் கணக்கும் வாயில் எப்போதும் இருக்கும். கலியாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்து, "கரிக் கார் கொட்டாஞ்சேனை ஏற்றம் ஏறுமோ ஏறாதோ எண்டு சும்மா வாயால சொல்லேலாது. கணக்குப் பார்ப்பம்" என்றார். எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு விறகுகாலை இருந்தது. விறகை அந்தர்க் கணக்கில் நிறுத்து விற்பார்கள். ஒரு அந்தர் நூற்றுப் பன்னிரண்டு றாத்தல். சங்கிலியில் தொங்கும் அந்தத் தராசில்தான் எங்களை ஏற்றினார்.

முதலில் அவரே ஏறினார். ஒன்றே முக்கால் அந்தர். விறகுகாலை முதலாளி சிங்களத்தில் ஏதோ சொல்ல, வேலையாட்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அப்பாவும் அண்ணனும் ஒன்றேகால் ஒன்றேகால். அம்மா தட்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"நான் என்ன விறகே?"

"விறகெண்டால் இவ்வளவு கதைக்காது. ஏறு பிள்ளை."

"சனம் பாக்குது அண்ணை."

"சனம் பாத்தால் பாரம் கூடாது. ஏறு."

அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு ஏறினாள். அவளும் ஒன்றேகால். நான் அரை. அக்கா கடைசியாக ஏறினாள். தட்டு அசையவே இல்லை என்று முதலாளி இரண்டாம் முறை படிக்கற்களை மாற்றிப் பார்த்தான். முக்கால் அந்தர். வளர்ந்த பெண்ணின் பாரம் அது இல்லை. அவள் எப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று அந்தத் தராசு சொன்னது. எல்லாரும் அம்மாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சுண்ணக்கட்டி கேட்டு வாங்கி, கூடத்துச் சீமெந்துத் தரையில் குந்தியிருந்து கணக்கை எழுதினார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தேன். கணக்கென்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

கார் இருபத்தைந்து அந்தர். கரி அடுப்பு மூன்று. டிறைவரையும் சேர்த்து ஏழு ஆட்கள் எட்டு அந்தர். எல்லாம் முப்பத்தாறு அந்தர், நாலாயிரம் றாத்தலுக்குக் கொஞ்சம் மேலே. ஏற்றத்தின் உயரம் நாற்பது அடி. நாலாயிரம் றாத்தலை நாற்பது அடி தூக்கினால் ஒரு இலட்சத்து அறுபதினாயிரம். இது காரைத் தூக்குவதற்குச் செலவாகும் சக்தி. ஏறுவதற்கு ஒரு நிமிடம் என்று வைத்தார். ஒரு குதிரைவலு என்பது ஒரு நிமிடத்தில் முப்பத்து மூவாயிரம். வகுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைய வந்தது.

"கார் எத்தினை குதிரை மாமா?"

"பத்து. ஆனா கரியில ஓடேக்க பாதியும் தேறாது."

பாதியும் தேறாது என்பதற்கு அவர் ஒரு எண் எழுதினார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு போதவில்லை. பத்தில் ஒன்று என்றால் மூவாயிரத்து முந்நூறு. அதை நாற்பதால் வகுத்தார். எண்பத்திரண்டரை றாத்தல் வந்தது.

"முக்கால் அந்தர்" என்றேன் நான். எண்பத்து நான்குதான் முக்கால் அந்தர். அவ்வளவு கிட்ட வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். கணக்கு இப்படி அழகாக முடிவதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். புத்தகக் கணக்கில் விடையை முதலில் வைத்துக்கொண்டு பிறகுதான் கேள்வியை எழுதுகிறார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து வந்து தரையைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். கலியாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பரிசெல்லாம் வாங்கியவள். மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்தாள். திரும்பிப் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள்.

கலியாணத்தன்று காலை கார் வந்தது. டிறைவர் கொம்பனித்தெருக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவர் விடியவே வந்து கரியை மூட்டி விசிறிக்கொண்டு நின்றார். முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மா, அண்ணன், அக்கா, அக்காவின் மடியில் அரைவாசியும் கதவில் அரைவாசியுமாக நான். அண்ணனின் தலைப்பாகையை அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிறிய நீலத்தில் ஒரு வொயில் சேலை உடுத்திருந்தாள். காலி வீதி முழுக்க அண்ணன் அவளிடம் பகிடி விட்டுக்கொண்டே வந்தான். தலைப்பாகை நழுவி மூக்கில் விழுந்தால் என்ன செய்வது என்றான். "விழுந்தால் பொம்பிளைக்கு நல்லது, உன்ர மூஞ்சையைப் பாக்கத் தேவையில்லை" என்றாள் அக்கா. அவள் அப்படிப் பேசி நான் கேட்டுக் கனகாலம்.

புறக்கோட்டையைத் தாண்டி ஏற்றத்தின் அடிக்கு வந்ததும் நானா காரை நிறுத்தினார். நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அவர் பாட்டில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

மாமா திரும்பினார். "கணக்கின்படி ஒரு முக்கால் அந்தர் கூட. பிள்ளை, நீ ஒருக்கால் இறங்கு. காரை மேல விட்டிட்டு உடன திருப்பி அனுப்புறன். தங்கச்சியும் துணைக்கு நிக்கட்டும்."

பிள்ளை என்றது அக்காவை.

பின்னால் அடுப்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னான், "அப்ப நான் இறங்கி அக்காவோட நடக்கிறன்."

"மாப்பிள்ளை தெருவால நடந்து போறதோ? பேய்க்கதை கதையாதை."

அண்ணன் அப்பாவின் முதுகைப் பார்த்தான். அப்பா திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே துறைமுகத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அண்ணன் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிகிறது.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அதில் கோபமோ நியாயமோ கிடையாது. கணக்குத்தான் இருந்தது.

"மாமா, ஆகப் பாரம் நீங்கள்தானே. நீங்கள் இறங்கினால் ஒன்றே முக்கால் குறையும்."

நானாவுக்குத் தோள் குலுங்கியது. மாமா சிரித்துக்கொண்டு, "நான் இல்லாமல் என்ன கலியாணம், போடி" என்றார்.

"அப்ப ஒருத்தரும் இறங்கத் தேவையில்லை. ஒரு நிமிசத்தில ஏறினால்தானே அஞ்சு குதிரை. ரெண்டு நிமிசத்தில ஏறினால் ரெண்டரை போதும். பாரமும் உயரமும் அதேதான், செலவும் அதேதான். ஆறுதலாப் போனால் எல்லாரும் போகலாம்."

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள்.

அம்மா அதற்கு முன் எனக்குக் கன்னத்தில் அடித்தது இல்லை. காதுக்குள் இரைந்தது. நான் அழவில்லை, அழ வேண்டும் என்பதே மறந்துபோய் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று தலைக்குள் கணக்கை மறுபடி ஓட்டினேன். பிழை இல்லை.

அக்கா தலைப்பாகையை அம்மாவின் மடியில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கி, என் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமாவின்ர கணக்குச் சரி, வா" என்றாள்.

கார் ஏறத் தொடங்கியது. நாங்கள் தேத்தண்ணிக் கடையோரம் நின்று பார்த்தோம். புகை கக்கியது, ஆனால் மூச்சு முட்டவில்லை. ஏற்றத்தின் நடுவில், ஆகச் செங்குத்தான இடத்தில், வேப்பமர நிழலில் இரண்டு பேர் நின்றார்கள். பெரிய மாமாவின் மகளும் அவளுடைய புருஷனும். மச்சாள் அரக்குப் பட்டுடுத்தி, கைமுட்ட வளையலோடு, தோழி ஏந்த வேண்டிய கூறைத் தட்டத்தை ஏந்திக்கொண்டு நின்றாள். கார் அவர்கள் முன்னால் நின்றது. இரண்டு பேரும் ஏறினார்கள். மச்சாளின் புருஷன் சின்ன ஆள் இல்லை. கார் ஒருமுறை பின்னுக்குச் சரிந்தது, பிறகு உறுமிக்கொண்டு கிளம்பி, வளைவில் திரும்பி மறைந்தது.

முக்கால் அந்தரையும் அரை அந்தரையும் இறக்கிவிட்டு மூன்று அந்தரை ஏற்றியிருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து. நடு ஏற்றத்தில். ஒரு பெரிய மனிதர் இவ்வளவு பச்சையாகக் கணக்கில் பொய் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பொய் சொல்லலாம், எல்லாரும் சொல்வார்கள், கணக்கில் எப்படிச் சொல்வது?

"அக்கா, பாத்தனீங்களே? பிழை. மாமாவின்ர கணக்கு முழுப் பிழை."

"ஓம்."

"சரியெண்டு சொன்னீங்கள்?"

கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த துறைமுகத்து ஆட்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அக்கா தலையை ஆட்டிவிட்டு என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெயில் ஏறியது. கார் வரவில்லை. மேலேயிருந்து நாதஸ்வரச் சத்தம் காற்றோடு வந்து வந்து போனது. மாப்பிள்ளையை உள்ளே எடுத்துவிட்டார்கள்.

அப்போதுதான் அக்கா, "ஏறுவம்" என்றாள்.

நடந்து ஏறினோம். அவள் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நடந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. அதோடு ஒரு கொண்டாட்டமும். மேலே போய் மாமாவின் முகத்துக்கு நேரே கணக்கைச் சொல்லிவிடலாம், பிறகு அவர் என்ன செய்வார், எங்களை உள்ளே விட்டு முன்னால் இருத்த வேண்டியதுதானே.

வாசலில் வாழை கட்டியிருந்தது. மாமா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றார். பெண் வீட்டு ஆண்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். எங்களைக் கண்டதும் மாமா இரண்டு எட்டில் படலையைத் தாண்டி வெளியே வந்தார்.

"ஏன் பிள்ளை வெயிலுக்க நடந்தனீ? கார் வரும் எண்டு சொன்னனான் எல்லே. கரி போதாமல் போச்சு."

"பரவாயில்லை மாமா. ஆறுதலா ஏறினால் எவ்வளவு பாரமும் ஏறும். தங்கச்சியின்ர கணக்குத்தான் சரி. உங்கடையிலதான் பிழை."

"சரி சரி, கணக்கைப் பிறகு பாப்பம். நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்து வீட்டு விறாந்தையில…"

"நாப்பது அடியும் ஏறி வந்திட்டன். இனிக் கணக்கில்லை. இப்ப நான் உள்ளுக்கு வரலாமோ மாமா?"

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பெண் வீட்டு ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமா அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கழுத்து வியர்த்திருந்தது. வீதி அளந்த மனிதர், எந்த இடத்துக்கும் ஒரு எண் வைத்திருந்தவர், ஒன்றும் அகப்படாமல் நின்றார். பிறகு, எங்களுக்கு மட்டும் கேட்கட்டும் என்று நினைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தாலி கட்டி முடியுமட்டும் அறுதலி வாசலுக்க வரக்கூடாது எண்டு பொம்பிளை வீட்டார் சொல்லிப்போட்டினம். இப்ப விளங்குதே?"

அறுதலி. தெருச்சண்டையில் கேட்டிருக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் பொம்பிளைகள் ஒருத்தியை ஒருத்தி திட்டும்போது கேட்டிருக்கிறேன். என் அக்காவுக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று எனக்கு அன்று வரை தெரியாது. அம்மா வாசலுக்குப் பின்னால் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு கால் படிக்கு வெளியே வந்தது. மற்றக் கால் வரவில்லை.

அக்கா மாமாவை நன்றாகப் பார்த்தாள்.

"விளங்குது மாமா. இதை நீங்கள் வெள்ளவத்தையிலயே வாயால சொல்லியிருக்கலாம். தராசு எல்லாம் தேவையில்லை."

மாமா தரையைப் பார்த்தார். அவள் திரும்பி இறங்கத் தொடங்கினாள்.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவு தூரம் ஏறி வந்து, கணக்கும் சரி என்று ஆகி, வாசலில் நின்று திரும்புவதா? நில்லுங்கோ, சண்டை பிடியுங்கோ, அண்ணனைக் கூப்பிடுங்கோ என்றேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஏறும்போது குனிந்திருந்த தலை இறங்கும்போது நிமிர்ந்திருந்தது. நடு ஏற்றத்தில், அந்த வேப்பமரத்தடியில் வந்தபோது, மேலே மேளம் வேகமாக அடித்தது. தாலி ஏறிவிட்டது. நான் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை.

அவள் தம்பியின் கலியாணம் பார்க்கத்தான் ஏறினாள் என்று நான் நினைத்திருந்தேன். பார்க்காமல் திரும்பியவள் அழவில்லையே, ஏற்றத்தடியில் நின்று பஸ் வருகிறதா என்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிறாளே, இதென்ன பெண் என்று எனக்குத் தோன்றியது. எனக்குப் பசி. கன்னம் இன்னும் எரிந்தது. அக்கா தோற்றுப்போய்விட்டாள் என்று முடிவு கட்டி, வெள்ளவத்தை வரைக்கும் அவளோடு ஒரு சொல் பேசாமல் வந்தேன்.